ஜி.பி.எஸ். கருவியை ஹாம் ரேடியோவுடன் இணைப்பது: ஏ.பி.ஆர்.எஸ். டிராக்கர் அமைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரிலோ சைக்கிளிலோ போகும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ இயக்குபவர்) ஒருவரின் இருப்பிடத்தை, மொபைல் டவர் எதுவும் இல்லாமல், வெறும் ரேடியோ அலையில் அனுப்பி வரைபடத்தில் காட்டுவதுதான் ஏ.பி.ஆர்.எஸ். (ஆட்டோமேட்டிக் பாக்கெட் ரிப்போர்ட்டிங் சிஸ்டம்) முறையின் மிகப் பிரபலமான பயன். இதை உருவாக்கியவர் அமெரிக்கக் கடற்படை அகாடமியில் பணியாற்றிய பாப் புரூனிங்கா. அவருடைய கால்சைன் (உரிமத்தோடு கிடைக்கும் அழைப்புக் குறி) டபிள்யூ.பி.4.ஏ.பி.ஆர். இருப்பிடம் மட்டுமல்ல, வானிலைத் தகவலும் குறுஞ்செய்தியும் இதில் போகும். இந்தக் கட்டுரை இருப்பிடம் அனுப்பும் டிராக்கரைப் பற்றி மட்டும் பேசுகிறது.

சங்கிலி இப்படிப் போகிறது. ஜி.பி.எஸ். கருவி நொடிக்கு ஒருமுறை தன் இடத்தை எழுத்து வரிகளாகக் கொடுக்கும். டிராக்கர் போர்டு அதைப் பாக்கெட்டாக, அதாவது சிறு தரவுப் பொட்டலமாக, கட்டி, 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக மாற்றும். ரேடியோ அந்த ஒலியைக் குரலை அனுப்புவது போலவே எஃப்.எம்.-இல் அனுப்பும். அருகிலுள்ள டிஜிபீட்டர் அதைக் கேட்டு மறுபடி ஒலிபரப்பும். ஐ-கேட் நிலையம் இணையத்தில் சேர்க்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டிவிட்டு, வரைபடத்தில் புள்ளி வரவில்லை என்றதும் ஆன்டெனாவை மாற்றப் போகிறார்கள். ஆன்டெனா அநேகமாகக் குற்றவாளி அல்ல. பிழை இருப்பது இணைப்புகளில்: ஜி.பி.எஸ்.-க்கும் டிராக்கருக்கும் நடுவே, டிராக்கருக்கும் ரேடியோவுக்கும் நடுவே. ஒரு இணைப்பு சரியாக வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

தொடங்கும் முன்

உரிமம் இல்லாமல் அனுப்பக் கூடாது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் அமெச்சூர் உரிமமும் கால்சைனும் கையில் இருக்க வேண்டும். அடிப்படைத் தேர்வில் தேறியவர்களுக்கு வி.யு.3 என்றும், பொதுத் தரத்துக்கு வி.யு.2 என்றும் தொடங்கும் கால்சைன் கிடைக்கும். உரிமம் வரும்வரை கீழே சொல்லும் ஜி.பி.எஸ். சோதனைகளைச் செய்துகொண்டிருக்கலாம்.

அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவிலும் வட அமெரிக்காவிலும் 144.390 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 144.800, ஆஸ்திரேலியாவில் 145.175. வெளிநாட்டிலிருந்து வாங்கிய டிராக்கரோ ரேடியோவோ அந்த ஊர் அலைவரிசையில் இருக்கலாம், மாற்றிக்கொள்ளுங்கள். குறைந்த பவரில் தொலைதூரம் தரவு அனுப்பும், இப்போது பரவிவரும் லோரா டிராக்கர்களில் இது இன்னும் முக்கியம். ஐரோப்பிய மென்பொருள்கள் 433.775 மெகாஹெர்ட்ஸில் வரும். இந்திய அமெச்சூர் பட்டை 434 முதல் 438 வரை மட்டுமே. அப்படியே போட்டு இயக்கினால் பட்டைக்கு வெளியே அனுப்புவீர்கள்.

எந்தக் கருவி

எல்லாம் உள்ளேயே அமைந்த ரேடியோக்கள் உண்டு. கென்வுட்டின் டி.எம்.-டி710ஜி, டி.எச்.-டி74 ஆகியவற்றில் ஜி.பி.எஸ்., பாக்கெட் மோடம் (பாக்கெட்டை ஒலியாகவும் ஒலியைப் பாக்கெட்டாகவும் மாற்றுவது) இரண்டும் உள்ளன. பணம் இருந்தால் வேலை சுலபம். பழைய டி.எம்.-டி710ஏ-வில் மோடம் உண்டு, ஜி.பி.எஸ். கிடையாது, அதற்கென 2.5 மி.மீ. ஜாக் இருக்கிறது.

சாதாரண எஃப்.எம். ரேடியோ வைத்திருப்பவர்களுக்குத் தனி டிராக்கர் போர்டு வேண்டும். டைனிடிராக்3 பிளஸ், டைனிடிராக்4 இரண்டும் நீண்டகாலமாகப் பழகியவை. செலவே இல்லாமல் தொடங்க ஆண்ட்ராய்டு போனில் ஏ.பி.ஆர்.எஸ்.டிராய்டு செயலியும் ஒரு ஆடியோ கேபிளும் போதும். போனின் ஜி.பி.எஸ்.-ஐயே அது பயன்படுத்திக்கொள்ளும்.

தனி ஜி.பி.எஸ். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மடிக்கணினிக்கு என்று விற்கும் யு.எஸ்.பி. வட்ட வில்லை வகை ஜி.பி.எஸ். இந்த வேலைக்கு உதவாது. எதிர்ப்பக்கத்தில் ஒரு கணினி இருந்தால்தான் அது பேசும். டிராக்கர் போர்டு கணினி அல்ல. கேபிளை வெட்டி ஒன்பது பின் கனெக்டர் பொருத்தினாலும் பலன் இல்லை. சீரியல் வெளியீடு உள்ளதை வாங்குங்கள். யு-பிளாக்ஸ் நியோ-6எம் சிப் வைத்த சிறிய மாட்யூல் எளிதில் கிடைக்கும், மலிவானது. அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதல் இணைப்பு: ஜி.பி.எஸ். தனியாக

தேவையானவை: நியோ-6எம் மாட்யூல், சி.பி.2102 அல்லது எஃப்.டி.டி.ஐ. வகை யு.எஸ்.பி.-டி.டி.எல். மாற்றி (மாட்யூலின் சீரியல் தரவை மடிக்கணினியின் யு.எஸ்.பி.-க்கு மாற்றுவது), நான்கு ஜம்பர் கம்பி, மடிக்கணினி.

மாட்யூலில் நான்கு பின்கள் இருக்கும்: மின்சாரம், கிரவுண்ட், டி.எக்ஸ். (தரவு வெளியே), ஆர்.எக்ஸ். (தரவு உள்ளே). மாற்றியின் 5 வோல்ட்டிலிருந்து மின்சாரம் கொடுங்கள்; மாட்யூலிலேயே 3.3 வோல்ட் ரெகுலேட்டர் உள்ளது. ஜி.பி.எஸ்.-இன் டி.எக்ஸ். மாற்றியின் ஆர்.எக்ஸ்.-க்குப் போக வேண்டும், ஆர்.எக்ஸ். மாற்றியின் டி.எக்ஸ்.-க்கு. ஒரே பெயருள்ள பின்களைச் சேர்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அப்படிச் செய்தால் எதுவும் எரியாது, எதுவும் வராது.

டெர்மினல் மென்பொருளில் 9600 பாட் (நொடிக்கு 9600 பிட் வேகம்), 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வையுங்கள். டாலர் குறியில் தொடங்கும் வரிகள் நொடிக்கு ஒருமுறை கொத்தாக ஓட வேண்டும். குப்பை எழுத்துகள் வந்தால் பாட் வேகம் தவறு. ஒன்றுமே வராவிட்டால் கம்பி மாறியிருக்கிறது.

வரிகள் ஓடுவதாலேயே இடம் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. ஜி.பி.ஆர்.எம்.சி. வரியைப் பாருங்கள். தலைப்பை அடுத்து நேரம், அதற்கடுத்து ஒரே ஒரு ஆங்கில எழுத்து. அது ‘ஏ’ என்றால் இடம் உறுதியானது. ‘வி’ என்றால் இன்னும் தேடுகிறது. திறந்த வானத்தின் கீழ் அரை நிமிடத்தில் ‘ஏ’ வந்துவிடும். கான்கிரீட் கூரைக்குக் கீழே மணிக்கணக்கில் காத்திருந்தாலும் வராமல் போகலாம், மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். பல மாதம் பயன்படுத்தாமல் வைத்திருந்த கருவிக்கு எல்லாச் செயற்கைக்கோள்களின் அட்டவணையும் முழுமையாக வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். முதல் நாள் பொறுமையாக இருங்கள்.

அடுத்து வேகம். டைனிடிராக்3 உட்படப் பழைய டிராக்கர்கள் பலவும் 4800 பாட்டை எதிர்பார்ப்பவை, அதுதான் ஜி.பி.எஸ். வரிகளின் வடிவத்தை வகுக்கும் என்.எம்.இ.ஏ. 0183 தரத்தின் மூல வேகம். யு-பிளாக்ஸ் நிறுவனத்தின் யு-சென்டர் மென்பொருளில் போர்ட் வேகத்தை 4800 ஆக்கலாம். ஆனால் வேகத்தை மட்டும் குறைத்தால் புதுச் சிக்கல் வரும். 4800 பாட்டில் நொடிக்கு 480 எழுத்துகள்தான் போகும். ஜி.ஜி.ஏ., ஜி.எல்.எல்., ஜி.எஸ்.ஏ., ஜி.எஸ்.வி., ஆர்.எம்.சி., வி.டி.ஜி. என்று மாட்யூல் அனுப்பும் அத்தனை வரிகளும், செயற்கைக்கோள்கள் நிறையத் தெரியும்போது, அந்த அளவை எட்டிவிடும். வரிகள் நடுவில் அறுபடும், டிராக்கர் அவற்றை ஒதுக்கிவிடும். வானம் தெளிவாக இருக்கும்போது மட்டும் இருப்பிடம் நின்றுபோகும் விசித்திரம் இதனால்தான். ஆர்.எம்.சி., ஜி.ஜி.ஏ. இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்து 150 எழுத்துக்குள் அடங்கும்.

மாற்றிய அமைப்புகளைச் சேமிக்கும் கட்டளையும் கொடுக்க வேண்டும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, ஒருநாள் கழித்து மறுபடி சோதியுங்கள். மலிவு மாட்யூல்கள் சிலவற்றில் அமைப்பைத் தாங்குவது ஒரு குட்டி பேட்டரிதான்; அது இறங்கினால் எல்லாம் 9600-க்குத் திரும்பிவிடும். அப்படிப்பட்டதை டிராக்கருக்குக் கொடுக்காதீர்கள்.

புதிய மாட்யூல்களில் இன்னொரு மாற்றம். நியோ-எம்8என் போன்றவை ஜி.பி.எஸ்.-உடன் ரஷ்யாவின் குளோனாஸையும் சேர்த்துக் கணக்கிடுவதால் வரித் தலைப்பு ஜி.பி. என்று தொடங்காமல் ஜி.என். என்று தொடங்கும். பழைய டிராக்கர் மென்பொருளுக்கு ஜி.என். புரியாது. யு-சென்டரில் ஜி.பி.எஸ். தவிர்த்த மற்ற அமைப்புகளை நிறுத்தினால் தலைப்பு ஜி.பி.-க்குத் திரும்பும்.

இரண்டாம் இணைப்பு: மின்னழுத்தம்

ஜி.பி.எஸ். மாட்யூல் பேசுவது டி.டி.எல்.: ஓய்வில் 3.3 வோல்ட், தரவு வரும்போது பூஜ்யத்துக்கு இறங்கும். டைனிடிராக் போன்ற ஒன்பது பின் கனெக்டர் கொண்ட டிராக்கர்கள் எதிர்பார்ப்பது ஆர்.எஸ்.232: ஓய்வில் மைனஸ் வோல்ட், தரவு வரும்போது பிளஸ். அளவு மட்டுமல்ல, திசையே தலைகீழ். நேராக இணைத்தால் டிராக்கருக்கு ஒரு எழுத்தும் புரியாது.

எது எந்த வகை என்று மல்டிமீட்டரே சொல்லிவிடும். டி.எக்ஸ். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்து, வரிக்கொத்துகளின் இடைவெளியில் எண்ணைப் பாருங்கள். 3.3 அல்லது 5 வோல்ட் என்றால் டி.டி.எல். மைனஸ் 5 முதல் மைனஸ் 9 என்றால் ஆர்.எஸ்.232. ஜி.பி.எஸ்.-உம் டிராக்கரும் வேறு வேறு வகையாக இருந்தால் நடுவே மேக்ஸ்3232 சிப் மாட்யூல் ஒன்று வேண்டும். மாட்யூலாக வாங்கினால் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களும் அதிலேயே இருக்கும். மாறாக, ஆர்.எஸ்.232 ஜி.பி.எஸ்.-ஐ 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரில் நேராகச் செருகுவது அதைவிடக் கெடுதல்: பின் எரிந்துபோகும்.

டிராக்கர்கள் பெரும்பாலானவற்றில் ஜி.பி.எஸ். நிலையைக் காட்ட ஒரு எல்.இ.டி. உண்டு. அது ‘இடம் உறுதி’ என்று காட்டும்வரை ரேடியோவைத் தொட வேண்டாம்.

மூன்றாம் இணைப்பு: ரேடியோ

நிலையான ரேடியோக்களில் பின்புறம் ஆறு பின் மினி-டின் டேட்டா போர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பின் 1 தரவு உள்ளே, 2 கிரவுண்ட், 3 பி.டி.டி. (ரேடியோவை அனுப்ப வைக்கும் சுவிட்ச்), 4-இல் 9600 வேக வெளியீடு, 5-இல் 1200 வேக வெளியீடு, 6 ஸ்குவெல்ச். நமக்குத் தேவை 1, 2, 3, 5. ரேடியோ மெனுவில் டேட்டா வேகம் 1200 என்று இருக்க வேண்டும். 9600-இல் வைத்தால் உள்ளீட்டின் உணர்திறன் பல மடங்கு குறைந்துவிடும். அனுப்புவது போலத் தெரியும், ஒலி இருக்காது.

டைனிடிராக்கின் ரேடியோ பக்கத்து ஒன்பது பின் கனெக்டரில் பின் 1 ஒலி வெளியே, 3 பி.டி.டி., 5 ஒலி உள்ளே, 6 கிரவுண்ட், 7 மின்சாரம்.

பவோஃபெங் யு.வி.-5ஆர் போன்ற கைக்கருவிகளில் 3.5 மி.மீ., 2.5 மி.மீ. என இரட்டை ப்ளக் இருக்கும். மைக் 3.5-இன் நடு வளையத்தில், ஸ்பீக்கர் 2.5-இன் நுனியில். இரண்டு ப்ளக்கின் அடிப்பகுதிகளும் ஒன்றோடொன்று தொட்டால் ரேடியோ அனுப்பத் தொடங்கும். அந்த இரண்டில் ஒன்றுதான் உண்மையான கிரவுண்ட். எது என்று வரைபடத்தை நம்பாமல், ஆன்டெனா கனெக்டரின் வெளிக்கூட்டுடன் மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். தொடர்ச்சி உள்ளது டிராக்கரின் கிரவுண்டுக்கு, மற்றது பி.டி.டி.-க்கு. உலோகப் பெட்டியில் இரண்டு ஜாக்கையும் பொருத்தினால் அடிப்பகுதிகள் பெட்டி வழியாக ஒட்டிக்கொண்டு ரேடியோ ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் பெட்டி நல்லது.

மைக், பி.டி.டி. இரண்டுக்கும் ஒரே கம்பி உள்ள கைக்கருவிகளும் உண்டு. ஐகாம், யேசு மாடல்கள் பல அப்படி. அவற்றில் பி.டி.டி.-யை 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மைக் கம்பியில் சேர்க்க வேண்டும். நேராகச் சேர்த்தால் ரேடியோ அனுப்பும், ஆனால் ஒலி கிரவுண்டுக்குப் போய்விடும்.

மைக் கம்பியில் ரேடியோவே சில வோல்ட் டி.சி. வைத்திருக்கும். டிராக்கரின் ஒலி வெளியீட்டில் தடுப்புக் கெபாசிட்டர் இல்லையென்றால் 1 மைக்ரோஃபாரட் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் என்றால் பிளஸ் முனை ரேடியோ பக்கம்.

கைக்கருவியில் மாற்ற வேண்டியவை: சேனல் அகலம் ‘வைடு’, அனுப்பும் டோன் ஆஃப், வாக்ஸ் ஆஃப், ரோஜர் பீப் ஆஃப், பி.சி.எல். ஆஃப், இரட்டைக் கண்காணிப்பு ஆஃப். இவற்றில் பி.சி.எல். அதிகம் ஏமாற்றும். சேனலில் யாராவது பேசினால் பி.டி.டி.-யை மறுத்துவிடும் வசதி அது. சத்தம் நிறைந்த இடத்தில் ரேடியோ ஒருபோதும் அனுப்பாது.

ஒலி அளவு

பாக்கெட் போகிறது, ஆனால் எந்த டிஜிபீட்டரும் ஏற்கவில்லை என்றால் பத்தில் எட்டு முறை காரணம் இதுதான். ஒலி அதிகம். குறைவாக இருப்பதைவிட அதிகமாக இருப்பது மோசம், ஏனெனில் ரேடியோவின் வரம்புச் சுற்று அலையின் முனைகளை வெட்டி இரண்டு ஒலிகளையும் சிதைத்துவிடும். காதுக்கு நன்றாகவே கேட்கும், மோடமுக்குப் புரியாது. இலக்கு 3 முதல் 3.5 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் (ஒலிக்கு ஏற்ப அலைவரிசை இருபுறமும் விலகும் அளவு).

அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி. ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் விழுங்கிக்கொள்ளும் சுமை) மாட்டி, வேறொரு அலைவரிசையில், குறைந்த பவரில் வையுங்கள். இரண்டாவது ரேடியோவில் கேளுங்கள். டிராக்கரைத் தொடர்ந்து ஒலி எழுப்பும் சோதனை நிலையில் வைத்து, ஒலி அளவை மாற்றும் ட்ரிம்பாட்டைக் குறைந்தபட்சத்திலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் ஏறுவது நின்றுவிடும். அங்கேதான் வரம்புச் சுற்று பிடிக்கிறது. அங்கிருந்து சத்தம் ஏறக்குறையப் பாதியாகும்வரை பின்னால் வாருங்கள்.

இதைவிடச் சிறந்தது டயர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருள். மடிக்கணினியின் மைக்கில் ஒரு ரேடியோவின் ஒலியையோ, யு.எஸ்.பி.-யில் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிளையோ (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்) கொடுத்தால், பாக்கெட்டைப் பிரித்துக் காட்டுவதோடு இரண்டு ஒலிகளின் அளவையும் தனித்தனியாக அடைப்புக்குறிக்குள் போடும். இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஒன்று மற்றதைப்போல மூன்று நான்கு மடங்கு என்றால் சிதைவு உண்டு. உங்கள் பாக்கெட்டை வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம் என்பதால், அருகில் டிஜிபீட்டர் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது இல்லாமல் முடியாது.

டிராக்கரில் எழுத வேண்டியவை

கால்சைனுக்குப் பின்னால் ஒரு கோடும் எண்ணும் வரும். கார் என்றால் 9, கைக்கருவி 7, படகு 8, பலூன் 11, லாரி 14. இது மரபுதான், ஆனாலும் பின்பற்றினால் மற்றவர்களுக்குப் பார்த்ததும் புரியும்.

பாதை (பாக்கெட்டை டிஜிபீட்டர்கள் எத்தனை முறை திருப்பி அனுப்பலாம் என்ற குறிப்பு): நகரும் நிலையத்துக்கு வைட்1-1, வைட்2-1. அதற்கு மேல் வேண்டாம். பழைய கட்டுரைகளில் காணும் ரிலே, டிரேஸ் ஆகிய சொற்கள் வழக்கொழிந்தவை, டிஜிபீட்டர்கள் அவற்றைப் பொருட்படுத்தாது. வைட்7-7 என்று போட்டால் உங்கள் ஒரே பாக்கெட் பல மாவட்டங்களின் சேனலை அடைக்கும். இணையத்தில் சேர்வதற்கு ஒரு ஐ-கேட் காதில் விழுந்தால் போதும்.

டி.எக்ஸ். டிலே 300 மில்லிநொடியில் தொடங்குங்கள். பி.டி.டி. அழுத்திய பின் ரேடியோ நிலைகொள்ளும் அவகாசம் அது. மிகக் குறைத்தால் பாக்கெட்டின் தலை வெட்டுப்படும்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புவது? 80 எழுத்துப் பாக்கெட் என்றால் 640 பிட். 1200 வேகத்தில் அரை நொடிக்கு மேல், டிலேயோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு நொடி. டிஜிபீட்டர் அதைத் திருப்பிச் சொல்ல இன்னொரு நொடி. எல்லோருக்கும் ஒரே சேனல். பத்து நொடிக்கு ஒருமுறை அனுப்பும் ஒருவர் சேனலில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாளாகத் தின்றுவிடுவார். ஓடும்போது ஒன்றரை அல்லது இரண்டு நிமிடம், நிற்கும்போது அரைமணி நேரம் போதும். ஸ்மார்ட் பீக்கனிங் வசதி இருந்தால் அதையே இயக்குங்கள்: வேகத்துக்கு ஏற்ப இடைவெளியை அது மாற்றும், திருப்பங்களில் தானே ஒரு பாக்கெட் அனுப்பும். டிராக்கருக்கு ரேடியோவின் ஒலி உள்ளீட்டையும் கட்டாயம் கொடுங்கள். அது இல்லாவிட்டால் மற்றவர் பேசுவதைக் கேட்காமல் மேலேறி அனுப்பும்.

ஜி.பி.எஸ். இல்லாமல் கையால் இடத்தை உள்ளிடுபவர்களும், ஆர்டுயினோவில் சொந்தமாக எழுதுபவர்களும் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. ஏ.பி.ஆர்.எஸ். கேட்பது பாகையும் நிமிடமும்; போன் வரைபடம் தருவது தசமப் பாகை. சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ வடக்கு 13.0827, கிழக்கு 80.2755. தசமப் பகுதியை 60-ஆல் பெருக்கினால் 13 பாகை 4.96 நிமிடம், 80 பாகை 16.53 நிமிடம். பெருக்காமல் 8.27 நிமிடம், 27.55 நிமிடம் என்று போட்டால் உங்கள் நிலையம் 6 கிலோமீட்டர் வடக்கிலும் 20 கிலோமீட்டர் கிழக்கிலும், அதாவது வங்கக் கடலில், காட்டப்படும்.

வண்டியில் பொருத்தும்போது

மேசையில் ஒழுங்காக ஓடியது வண்டியில் கோளாறு செய்தால் ரேடியோ அலை கம்பிகளுக்குள் புகுந்திருக்கிறது. அறிகுறிகள் தெளிவானவை: அனுப்பும் கணத்தில் டிராக்கர் ரீசெட் ஆகும், அல்லது பி.டி.டி. விடாமல் பிடித்துக்கொள்ளும், அல்லது ஒவ்வொரு பாக்கெட்டுக்குப் பின்னும் ஜி.பி.எஸ். இடத்தை இழக்கும். பவரைக் குறைத்துப் பாருங்கள். கோளாறு மறைந்தால் சந்தேகம் உறுதி. ஜி.பி.எஸ். ஆன்டெனாவை ரேடியோ ஆன்டெனாவிலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள். ஜி.பி.எஸ்., மைக் கேபிள்களை ஃபெரைட் வளையத்தில் நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். சீரியல் கம்பிக்கு ஷீல்டு கேபிளே போடுங்கள்.

கைக்கருவியின் ரப்பர் ஆன்டெனாவைக் காருக்குள் வைத்து அனுப்பினால் உலோகக் கூடு பெரும்பகுதியை விழுங்கிவிடும். கூரையில் காந்த அடியுடன் ஏறத்தாழ 49 செ.மீ. கால்-அலைக் கம்பி ஒன்று வையுங்கள். 5 வாட்டில் கிடைக்கும் வித்தியாசத்தை வரைபடமே காட்டும். மின்சாரத்தை ஃபியூஸ் போட்டு எடுங்கள்.

அருகில் டிஜிபீட்டர் இல்லையென்றால்

ஏ.பி.ஆர்.எஸ். டாட் எஃப்.ஐ. தளத்தில் உங்கள் வட்டாரத்தைப் பார்த்து, எந்த நிலையம் உயிரோடு இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் சர்வதேச விண்வெளி நிலையம் இருக்கிறது. அதன் டிஜிபீட்டர் 145.825 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. பாதையில் வைட் சொற்களை எடுத்துவிட்டு அரிஸ் என்பதை ஆங்கில எழுத்துகளில் ஏ-ஆர்-ஐ-எஸ்-எஸ் என்று போடுங்கள். சில நாட்களில் நிலையத்தின் பாக்கெட் வசதி இயங்காமல் இருக்கலாம். அதனால் அனுப்பும் முன் அந்த அலைவரிசையில் பாக்கெட் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். ஒரு கடவு (நிலையம் ஒருமுறை நம் வானத்தைக் கடப்பது) அதிகபட்சம் பத்து நிமிடம். நிலையத்தின் வேகத்தால் அலைவரிசையில் வரும் டாப்ளர் மாற்றம் இந்தப் பட்டையில் மூன்றரை கிலோஹெர்ட்ஸுக்குள் என்பதால் அலைவரிசையைத் திருத்தத் தேவையில்லை. தானியங்கி பீக்கனை நிறுத்திவிட்டு, நிலையம் உயரே இருக்கும்போது கையால் ஓரிரு பாக்கெட் மட்டும் அனுப்புங்கள். உங்கள் கால்சைன் திரும்பி ஒலிபரப்பாவதை டயர்வுல்ஃப் திரையிலேயே பார்க்கலாம்.